சத்திரத்துப் பதிவேட்டில் ஒரு பொய்ப் பெயர்

1

அம்பேத்கர் எழுதியதில் நம் ஆட்கள் அதிகம் பேசாத சின்னப் பிரதி ஒன்று இருக்கிறது. 'வெய்ட்டிங் ஃபார் எ விசா' என்று பெயர். 1930களில் எழுதியது. அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவில்லை. கையெழுத்துப் பிரதியாகக் கிடந்ததை 1990-இல் மக்கள் கல்விக் கழகம் சிறுநூலாகப் போட்டது. 1993-இல் மகாராட்டிர அரசு வெளியிட்ட தொகுப்பின் 12ஆம் தொகுதியில் சேர்ந்தது. ஆறு சம்பவங்கள். சில அவர் பட்டது, சில அடுத்தவர் பட்டது.

இதை வழக்கமாக வன்கொடுமைக் கதையாகத்தான் வாசிக்கிறோம். 'இவ்வளவு படிச்ச மனுசனுக்கே இந்தக் கதியா' என்று உச்சுக் கொட்டிவிட்டு மூடி வைக்கிறோம். உச்சுக் கொட்டுவதற்காக அவர் எழுதவில்லை. இதை அடையாளம் கேட்பதைப் பற்றிய பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரேஷன் கடையிலிருந்து வாடகை வீடு வரைக்கும் 12 இலக்க எண்ணைக் கேட்கிற இந்தக் காலத்தில் அப்படி வாசிக்க வேண்டிய தேவையும் இருக்கிறது.

பரோடா சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்து வேலைக்குப் போகிறார் அம்பேத்கர். வெளிநாட்டில் இருந்த வருசங்களில், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே தனக்கு அற்றுப்போயிருந்தது என்கிறார். பரோடா ஸ்டேஷனில் இறங்கியதும் அது திரும்பி வருகிறது. எங்கே தங்குவது? இந்து ஓட்டலுக்குப் போனால் பொய் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு பார்சிச் சத்திரத்துக்குப் போகிறார். மாடியில் உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது சத்திரக்காரர் கையில் பதிவேட்டோடு வருகிறார். பார்சிக்காரர்கள் உள்ளே அணிகிற சத்ராவும் இடுப்புக் கயிறான கஸ்தியும் இவர் உடம்பில் இல்லை என்பது அவர் கண்ணில் படுகிறது. உடனே குரல் மாறுகிறது. யார் நீ?

இந்து என்கிறார் இவர். இது பார்சிகளுக்கான சத்திரம், இந்து தங்க முடியாது. ஆனால் சத்திரத்துக்கு ஆள் வருவதே அபூர்வம், சத்திரக்காரருக்கும் காசு வேண்டும். ஒரு ஏற்பாட்டுக்கு வருகிறார்கள். ஒரு பார்சிப் பெயரைச் சொன்னால் போதும், அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். நாளைக்கு ஒன்றரை ரூபாய். இவர் சம்மதிக்கிறார். குப்பையும் தட்டுமுட்டுச் சாமானும் அடைந்து, மங்கலான விளக்கு எரிகிற கூடத்தில் தனியாளாகத் தங்குகிறார். பதினோராம் நாள் காலையில் ஒரு கும்பல் கம்புகளோடு வந்து நிற்கிறது. மறுபடியும் அதே கேள்விதான். யார் நீ? பார்சிப் பெயரை வைத்துக்கொள்ள உனக்கு என்ன துணிச்சல்? சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்கிறார்கள். ஒரு இந்து நண்பர், ஒரு கிறித்தவ நண்பர், இருவரிடமும் கேட்டுப் பார்க்கிறார். இடமில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்புகிறார்.

இந்த இடத்தில் எல்லோரும் கம்பைப் பார்க்கிறோம். நான் பதிவேட்டைப் பார்க்கச் சொல்கிறேன். முதலில் உடம்பில் அடையாளம் தேடுகிறார்கள். கிடைக்கவில்லை என்றால் வாயைத் திறக்கச் சொல்கிறார்கள். அதன்பிறகு எழுத்தில் வாங்கி வைக்கிறார்கள். எழுதி வைத்தது யார் யார் கண்ணுக்குப் போகிறது என்று எழுதிக் கொடுத்தவனுக்குத் தெரியாது. பதினோராம் நாள் தெரியவரும்.

2

மற்றச் சம்பவங்களிலும் கேள்வி மாறவில்லை. பதில்தான் மாறுகிறது.

சிறுவனாக இருந்தபோது அண்ணன் முதலானவர்களோடு மசூர் ஸ்டேஷனில் இறங்கி நிற்கிறார். நல்ல உடுப்பு உடுத்தியிருப்பதால் ஸ்டேஷன் மாஸ்டர் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு பரிவாக விசாரிக்கிறார். பையன் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிடுகிறான்: மகார். மாஸ்டர் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்றமாட்டேன் என்கிறார்கள். இரட்டைக் கூலி பேசியும் பிள்ளைகளே வண்டியை ஓட்டவேண்டியிருக்கிறது, வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார். அதே பயணத்தில் இருட்டிய பிறகு சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்க வேண்டும். முசல்மான் என்று சொல்லச் சொல்கிறார் வண்டிக்காரர். பையன் உருதுவில் பேசிப் பார்க்கிறான். சுங்கக்காரர் நம்பவில்லை, தண்ணீரும் இல்லை. ஒரே நாளில் அந்தப் பையன் உண்மையைச் சொல்லியும் பார்த்தான், பொய்யைச் சொல்லியும் பார்த்தான்.

கடைசிச் சம்பவம் குஜராத்தில் போர்சாத் தாலுகா ஆபீசில் நடக்கிறது. தோட்டிச் சாதியைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு 1936-இல் தலாத்தி வேலை கிடைக்கிறது. நம்மூர்க் கணக்குப்பிள்ளை மாதிரியான உத்தியோகம். அரசாங்கமே வேலை கொடுத்திருக்கிறது. ஆபீசுக்குப் போனால் குமாஸ்தா கேட்பது, யார் நீ? 'ஹரிசன்' என்கிறார். எட்டிப் போய் நில் என்கிறார் குமாஸ்தா. சர்க்காரே இவரை யார் என்று ஏற்றுக்கொண்ட பிறகும் குமாஸ்தாவுக்கு அது போதவில்லை. அவருக்கு வேண்டிய தகவல் உத்தரவில் இல்லாத தகவல்.

உண்மை சொன்னால் ஒரு தண்டனை, பொய் சொன்னால் ஒரு தண்டனை, அரசாங்கத்தின் உத்தரவு இருந்தாலும் தண்டனை. ஆறு சம்பவத்தையும் படித்து முடித்தால் ஒன்று விளங்குகிறது. அந்தக் கேள்விக்கு நல்ல பதில் என்று ஒன்று கிடையாது. கேட்கிற அதிகாரம் ஒரு பக்கமே இருக்கிறவரை பதிலை மாற்றிப் பிரயோசனம் இல்லை. பதில் சொல்லாமல் இருக்கிற உரிமை வேண்டும். இன்றைக்குச் சட்டக்காரர்கள் அந்தரங்க உரிமை, தனியுரிமை என்றெல்லாம் சொல்கிறார்களே, அதற்கு நம் பக்கத்து அர்த்தம் இதுதான்.

3

'அந்தரங்கம்' என்ற வார்த்தையைக் கேட்டால் நம்ம சனம் சிரிக்கும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து எழுகிற வீடு. கழிப்பறைக்கு ஏரிக்கரை. கதவு என்று சாக்குப் படுதா. இதில் அந்தரங்கம் எங்கே இருக்கிறது? அது மச்சு வீட்டுக்காரன் விசயம் என்று நம் தோழர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அரசாங்கமும் அதையேதான் சொன்னது. ஓய்வுபெற்ற கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி 2012-இல் ஆதாருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்ற கேள்வி ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குப் போனது. சோறும் கூரையும் இல்லாத கோடிக்கணக்கான ஏழைகள் இருக்கிற நாட்டில் இதைப் பெரிய உரிமையாக வைக்க முடியாது என்று அரசுத் தரப்பு வாதாடியது. ஏழை பெயரைச் சொல்லி ஏழையின் உரிமையை மறுக்கிற வாதம். 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது பேரும் ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பு எழுதினார்கள்.

அந்தத் தீர்ப்பு தள்ளி வைத்த பழைய தீர்ப்புகளில் ஒன்று கரக் சிங் வழக்கு. கரக் சிங் மச்சு வீட்டுக்காரர் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் 1941-இல் கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டு, சாட்சியம் இல்லை என்று விடப்பட்டவர். விட்ட பிறகும் போலீசு அவர் பேரில் ஹிஸ்டரி ஷீட் திறந்தது. ராத்திரியில் கதவைத் தட்டுவது, எங்கே போகிறார் வருகிறார் என்று குறிப்பது. ராத்திரி கதவு தட்டுவது தப்பு என்று மட்டும் 1962-இல் சொன்ன உச்சநீதிமன்றம், அந்தரங்கம் என்று அரசியல் சட்டத்தில் ஓர் உரிமை இல்லை என்று பெரும்பான்மையாகச் சொல்லிவிட்டது. இந்த நாட்டில் அந்தரங்கத்துக்காக முதலில் கோர்ட்டுப் படியேறியவர்களில் ஒருவர் போலீசு தட்டுகிற கதவுக்குப் பின்னால் படுத்திருந்தவர். கேடி லிஸ்ட்டில் பேர் இருக்கிறவர்கள் எந்தத் தெருவில் அதிகம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் நாம் மறந்துவிட்டோம். 1947 மார்ச்சில் அரசியல் நிர்ணய சபைக்கு அம்பேத்கர் கொடுத்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், மக்களின் உடல், வீடு, தாள்கள், உடைமைகள் ஆகியவற்றை நியாயமில்லாமல் சோதனை போடக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடிப்படை உரிமைகளில் அதைச் சேர்க்க வேண்டும் என்றார். அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் பி.என்.ராவும் ஆட்சேபித்தார்கள். போலீசு விசாரணைக்கு இடைஞ்சல் என்றார்கள். கைவிடப்பட்டது. 1948 டிசம்பரில் காஜி சையத் கரீமுத்தீன் இதே பொருளில் திருத்தம் கொண்டுவந்தபோது ஏற்கத் தயார் என்றார் அம்பேத்கர். சபை தோற்கடித்தது. பரோடாவில் பதிவேட்டோடு வந்து நின்றவரை மறக்காத ஒருவர், உடம்பையும் வீட்டையும் தாளையும் சேர்த்து எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

4

நம் பக்கத்திலிருந்து வருகிற எதிர்வாதத்தைத் தட்டிவிட்டுப் போக முடியாது. ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: 'ஆதார்ல சாதிக் கட்டமே கிடையாதேப்பா. பேரு, பொறந்த தேதி, முகவரி, போட்டோ, ரேகை, கண்ணு, அவ்வளவுதான். நாட்டாமையும் தலையாரியும் கையெழுத்துப் போட்டாதான் நீ ஆளுன்னு இருந்த காலம் போயி, ஒரு நம்பர் குடுத்து நீயும் ஆளுதான்னு சொல்லுது. அது நமக்கு நல்லதுதான?'

நியாயமான பேச்சு. 2010 செப்டம்பர் 29-இல் மகாராட்டிரத்தில் நந்தூர்பார் மாவட்டம் தெம்பிலி கிராமத்தில் முதல் ஆதாரை ஒரு பழங்குடிப் பெண்ணிடம்தான் கொடுத்தார்கள். எந்தத் தாளும் இல்லாதவருக்கு ஒரு தாள் என்றுதான் கொண்டுவந்தார்கள். பிறந்த சான்றும் பள்ளிச் சான்றும் இல்லாத எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் தாள் என்பதும் நிசம்.

ஆனால் தோழரே, சாதிக் கட்டம் இல்லை, முகவரிக் கட்டம் இருக்கிறதே. தமிழ்நாட்டில் முகவரியை விடப் பெரிய சாதிக் கட்டம் எது?

சில வருசத்துக்கு முன்னால் ஒரு டவுனில் வாடகைக்கு வீடு பார்த்தேன். வீட்டம்மா நல்லமாதிரி பேசினார். 'சொந்த ஊரு எது தம்பி?' சொன்னேன். 'ஊர்ல எந்தப் பக்கம்?' பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் என்று மழுப்பினேன். 'வீட்ல கவுச்சி பொழங்குமா?' எப்பவாவது என்றேன். எல்லாம் நழுவி நழுவி வந்தது. அட்வான்சுக்குத் தேதிகூடச் சொல்லிவிட்டார்கள். கிளம்பும்போது, 'ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துட்டுப் போங்க தம்பி, இப்ப எல்லாருகிட்டயும் வாங்குறோம்' என்றார். கொடுத்தேன். அதில் ஊர் பேருக்கு மேலே, தெரு பேர் இருக்கிற இடத்தில் 'காலனி' என்று அச்சடித்திருக்கிறது. மறுநாள் காலையில் போன். 'தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, எங்க மச்சானுக்கு வீடு வேணுமாம்.'

கோபப்பட என்ன இருக்கிறது? யாரும் என்னைச் சாதி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சர்க்கார் அச்சடித்த அட்டை சொல்லிவிட்டது. பரோடாவிலாவது பொய்ப் பெயர் எழுத ஒரு வழி இருந்தது, பதினொரு நாள் கூரை கிடைத்தது. எனக்கு ஒரு ராத்திரிகூடக் கிடைக்கவில்லை. பார்சிச் சத்திரக்காரர் என் உடம்பில் கயிறு தேட வேண்டிய வேலையை ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு ரூபாய்க்கு முடித்துக் கொடுத்துவிட்டார்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவோம் என்று 2025 ஏப்ரல் 29-இல் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. வரவேற்கலாம். ஆனால் காலனி போய் 'அம்பேத்கர் நகர்' வந்தால் வீட்டம்மாவுக்குப் படிக்கத் தெரியாதா? தெருவை ஊருக்கு வெளியே வைத்துவிட்டுத் தெருப் பலகையை மட்டும் மாற்றினால் அட்டை சொல்வதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கும்.

ஆதார் நகலைக் கண்டவரிடமும் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் வட்டார அலுவலகம் 2022 மே 27-இல் ஓர் அறிவிப்பு விட்டது. தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லி இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. எண்ணின் முதல் எட்டு இலக்கத்தை மறைத்த அட்டை ஒன்றும் எடுத்துக்கொள்ளலாம். அதில் எண்தான் மறையும். தெரு மறையாது. எதை ஒளிக்க வேண்டும் என்று இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்குத் தெரியவில்லை. காரணம், தெருப் பேரால் வீடு கிடைக்காமல் போன அனுபவம் அவர்களுக்கு இருந்திருக்காது.

5

அடுத்தது ரேகை. தமிழில் 'கைநாட்டு' என்று ஒரு வசவு இருக்கிறது. படிக்காதவனைச் சொல்வது. நம் தாத்தன்மார் பண்ணை வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று வெற்றுப் பத்திரத்தில் கட்டைவிரலை வைத்தவர்கள். மேலே என்ன எழுதப்போகிறார்கள் என்று தெரியாது. வாங்கினது பத்து மரக்கால் நெல்லாக இருக்கும், பத்திரத்தில் பரம்பரை நிலம் போயிருக்கும். பஞ்சமி நிலம் கைமாறிய கதைகளில் பாதி இந்த விரலில் இருக்கிறது. அந்த அவமானம் தாங்காமல்தான் நம்ம பெரியவர்கள் ராப்பள்ளிக்குப் போய்ப் பேரெழுதப் பழகினார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்த அன்றைக்கு என் அப்பா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்க் காட்டினாராம்.

ரேகை ஆட்சிக்கருவியாக வளர்ந்ததும் இந்த மண்ணில்தான். 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஓர் உள்ளூர் ஒப்பந்தக்காரரின் கையை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதித்துக்கொண்டார். பின்னால் பேச்சு மாறாமல் இருக்க. 1897-இல் கல்கத்தாவில் ரேகைக்கென்றே தனி அலுவலகம். 1871-இல் வடக்கே வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியே குற்றம். ரேகை கொடுக்க வேண்டும், ராத்திரி ஆஜராக வேண்டும், ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். மதுரைப் பக்கம் அதைக் 'கைரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த கள்ளர்களைச் சுட்டார்கள். இறந்தது 16 பேர். சேரிக்கும் அந்தச் சாதிக்கும் உள்ள கணக்கு வேறு. அதை இங்கே மறைக்கவில்லை. ஆனாலும் ரேகையை மறுத்துச் செத்தவர்களின் நியாயம் நியாயம்தான். அதே சட்டத்துக்குள் குறவர் முதலான எத்தனையோ விளிம்புச் சனங்களும் அடைபட்டுக் கிடந்தார்கள்.

இப்போது ரேஷன் கடைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் ரேகை வைத்தால்தான் பொருள் என்று மிஷின் வந்தது. என் அம்மா நாற்பது வருசம் நடவு நட்டவர். களை எடுத்தவர். கட்டைவிரலை வைக்கிறார், விழவில்லை. 'நல்லா தொடச்சிட்டு வையிம்மா' என்கிறார் சேல்ஸ்மேன். முந்தானையில் துடைத்து வைக்கிறார். விழவில்லை. பத்து விரலையும் வைத்தாயிற்று. 'ஓரமா நில்லும்மா, மத்தவங்களப் பாத்துட்டுப் போட்டுத் தரேன்.' மத்தியானம் ஆளெல்லாம் போன பிறகு நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி போட்டார். கெட்ட மனுசர் இல்லை. ஆனால் காலையில் உரிமையாக இருந்த அரிசி மத்தியானம் அவருடைய தயவாக மாறிவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மா சொன்னார்: 'ரேக தேஞ்சி போச்சாம்டா. நாத்து நட்டுத் தேஞ்ச வெரலு. அந்த அரிசிக்கே நான் ஆளு இல்லன்னுது மிஷினு.'

இதற்குமேல் ஆய்வுரை எழுத என்னால் முடியாது. ஆனால் கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே ஜார்க்கண்டில் ஆதார் சரிபார்ப்பு 49 சதவீதமும் ராஜஸ்தானில் 37 சதவீதமும் தோற்பதாக மதிப்பீடுகளை எடுத்துச் சொல்கிறது. 2017 செப்டம்பர் 28-இல் ஜார்க்கண்ட் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி செத்துப்போனாள். ஆதாரோடு இணைக்காததால் குடும்ப அட்டையை வெட்டிவிட்டார்கள், பல நாள் சோறில்லாமல் செத்தாள் என்றார்கள் குடும்பத்தாரும் உணவு உரிமைக்காரர்களும். மலேரியா என்றது அரசாங்கம். அட்டை வெட்டப்பட்டிருந்ததற்கு மலேரியா பதில் ஆகாது.

2018 செப்டம்பர் 26-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஆதார்ச் சட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. நாலு பேர் ஒரு பக்கம், சந்திரசூட் மட்டும் மறு பக்கம். வங்கிக் கணக்குக்கும் செல்போன் சிம்முக்கும் ஆதாரைக் கட்டாயமாக இணைக்கச் சொன்னது செல்லாது. தனியார் கம்பெனிகள் ஒப்பந்தத்தின் பேரில் கேட்பது செல்லாது. மானியத்துக்கும் அரிசிக்கும் கேட்பது செல்லும். ஏழைக்கு உணவும் கண்ணியம்தான், அந்தக் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் தராசில் வைத்தோம் என்றது பெரும்பான்மை. நான் கேட்கிறேன். பேங்கில் பணம் வைத்திருக்கிறவரிடம் இந்தத் தராசை ஏன் பிடிக்கவில்லை? அவருக்குச் சேவையும் கிடைத்தது, விரலும் மிஞ்சியது. எங்கம்மா மட்டும் அரிசியா விரலா என்று கேட்கப்படுகிறார். சந்திரசூட் தன் மாறுபட்ட தீர்ப்பில், சரிபார்ப்புத் தோற்பதால் சோறு இழக்கிறவர்களைப் பற்றி எழுதினார். இந்தச் சட்டத்தைப் பண மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றியதே அரசியல் சட்டத்துக்குச் செய்த மோசடி என்றும் எழுதினார். ஒற்றைக் குரல்.

தனியாருக்குச் சாத்திய கதவும் அப்படியே இல்லை. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, வங்கிக்கும் செல்போன் கம்பெனிக்கும் 'விரும்பினால்' கொடுக்கலாம் என்றார்கள். 2025 ஜனவரியில் விதியைத் திருத்தித் தனியார் நிறுவனங்களும் அனுமதி பெற்று ஆதார்ச் சரிபார்ப்பைப் பயன்படுத்த வழிவிட்டார்கள். விரும்பினால் என்ற வார்த்தைக்குப் பண்ணையாள் அகராதியில் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்.

6

யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதுதான் விசயம். பரோடாவில் பதிவேடு சத்திரக்காரர் கையில். தங்கியவர் அதைப் புரட்டிப் பார்க்க முடியாது. நாக்பூரிலும் சண்டிகரிலும் தூய்மைப் பணியாளர்கள் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று ஆபீசில் உட்கார்ந்து பார்க்கலாம். சாக்கடைக்குள் ஆளை இறக்கிய மேஸ்திரி கையில் அந்தக் கடிகாரத்தைக் கட்டியதாக நான் கேள்விப்படவில்லை. கையால் மலம் அள்ளுவதை எதிர்த்துப் போராடுகிற பெசவாடா வில்சன், 2017-இல் வருமான வரி பான் எண்ணோடு ஆதாரை இணைப்பதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனவர்களில் ஒருவர். மலம் அள்ளுகிறவர்களுக்கும் இந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேட்டவர்கள் அந்தக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம். அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் மாற்றியது. பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவுக்குள் இருந்த வாசகம் போய்விட்டது. வேலைக்குப் போகாதவர் பேரில் சம்பளம் எடுத்த காண்டிராக்டர் பட்டியலைக் கேட்டால், அது தனிநபர் தகவல் என்று சொல்ல இனி வசதி. நம் விரல் ரேகை அவர்களுக்குத் தெரியலாம். அவர்கள் கணக்கு நமக்குத் தெரியக்கூடாது. அந்தரங்கம் என்ற சொல்லை நாம் வேண்டாம் என்று விட்டால் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

7

ஒரு சங்கடமான இடம் மிச்சம் இருக்கிறது. தலித் என்று தெருவில் நின்று சொன்னவர்கள் நாம். 90களில் அந்தச் சொல்லைச் சட்டையில் குத்திக்கொள்கிற மாதிரி எழுத்தில் குத்திக்கொண்டு வந்தோம். சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று கேட்கிறோம். சாதிச் சான்றிதழ் வாங்க வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடக்கிறோம். இப்போது மறைக்கிற உரிமை வேண்டும் என்றால் கூச்சமாகத் தெரியாதா? ஒளிந்துகொள்ளச் சொல்கிறேனா?

இல்லை. இடஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் காட்டுகிறபோது நான் கடன்காரனிடம் கணக்குக் காட்டுகிறேன். அந்தத் தகவலைக் கொண்டு எனக்குச் சேர வேண்டியதை வாங்குகிறேன். வீட்டம்மாவுக்குப் போன ஜெராக்ஸ் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. இரண்டிலும் தாள் ஒன்றுதான். யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள், இல்லை என்று சொல்லிவிட்டும் நான் உயிரோடு ஊரில் இருக்க முடியுமா என்பதில்தான் வித்தியாசம். கவிதையில் நான் பறையன் என்று எழுதுவேன். அதை என் அட்டை எனக்கு முன்னால் ஓடிப் போய்ச் சொல்லக் கூடாது. சொல்வதற்கு என் வாய் இருக்கிறது.

அம்பேத்கரும் அப்படித்தான் செய்தார். பார்சிச் சத்திரத்தில் பொய்ப் பெயர் எழுதியதை எண்ணி அவர் எங்கேயும் வெட்கப்படவில்லை. அதே மனிதர்தான் பின்னாளில் மகாத் குளத்தில் நாலு பேர் அறிய இறங்கித் தண்ணீர் குடித்தார். பெயரை மறைத்ததையும் அவரே எழுதி வைத்தார், தனக்கு வேண்டிய நேரத்தில், தன் கையெழுத்தில். அந்தப் பிரதியின் பலம் எனக்கு அங்கேதான் தெரிகிறது. பார்சிக் கும்பல் கம்பைக் காட்டிப் பிடுங்கிய தகவலை அவர் திரும்ப எடுத்துக்கொண்டு, சத்திரக்காரரையும் ஸ்டேஷன் மாஸ்டரையும் குமாஸ்தாவையும் தன் பதிவேட்டில் எழுதிவிட்டார். இப்போது உலகம் அவர்களைப் பார்க்கிறது.

பிரதிக்குள் விசா எதுவும் கிடையாது. ஆறு சம்பவமும் சொந்த நாட்டுக்குள் நடந்தவை. அமெரிக்காவிலும் லண்டனிலும் நடமாட முடிந்தவருக்குக் கோரேகாவ் போகவும் பரோடாவில் படுக்கவும் அனுமதி வேண்டியிருந்தது. அதனால் ஆதார் அட்டையை நம் கையில் திணித்துவிட்டு விசா கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாம் கேட்பது பெரிய சங்கதி இல்லை. விரல் வைக்காமல் அரிசி வேண்டும். தெருப் பேர் கேட்காமல் வாடகைக்கு வீடு வேண்டும். நம்மைப் பற்றி எழுதி வைத்திருக்கிற பதிவேட்டை நாம் புரட்டிப் பார்க்க வேண்டும். அதைக் கேட்கிற வழக்குகளிலும் ஊர்வலங்களிலும் மச்சு வீட்டுக்காரர்கள் முன்னால் நிற்கிறார்கள் என்பதற்காக நாம் விலகி நிற்க வேண்டியதில்லை. கரக் சிங் கதவைத் தட்டியது யார் என்று அவர்களை விட நமக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா இப்போதும் மாசாமாசம் கடைக்குப் போகிறார். போகும்போது இரண்டு கையையும் தேங்காய் நாரில் தேய்த்துக் கழுவிக்கொண்டு போகிறார், ரேகை தெரியும் என்று யாரோ சொன்னார்களாம். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்துதான் போகிறார்கள். ஒருத்திக்கு விழவில்லை என்றால் மற்ற மூன்று பேரும் வரிசையை விட்டு நகருவதில்லை.